டீசல் காரில் அணையாத இன்ஜின் விளக்கு: ஒர்க்‌ஷாப் போகும் முன் நாமே பார்க்க வேண்டியவை

"அண்ணே, வண்டி நல்லாத்தான் ஓடுது. மீட்டர்ல அந்த மஞ்ச இன்ஜின் லைட்டு மட்டும் அணைய மாட்டேங்குது. என்ன மாத்தணும்?" காரைக்குடிப் பக்கம் டீசல் கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. எதை மாற்றுவது என்பது கடைசியில் வர வேண்டிய கேள்வி. விளக்கை எரியவிட்டது எந்தக் கோட் (பழுதைக் குறிக்க வண்டியின் கம்ப்யூட்டர் பதிவு செய்யும் எண்), வண்டி எந்த நிலையில் இருந்தபோது அது பதிவானது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. புளூடூத் ஸ்கேனர், போன், மல்டிமீட்டர், டார்ச், எழுதி வைக்க ஒரு நோட்டு இருந்தால் வீட்டு வாசலிலேயே பாதி வேலை முடியும்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இங்கே சொல்வதெல்லாம் மஞ்சள் இன்ஜின் விளக்குக்கு மட்டும். ஆயில் கேன் படமோ வெப்பமானி படமோ சிவப்பில் எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் இன்ஜினே போய்விடும்.

படி 1: அறிகுறியை எழுதுங்கள்

பிக்கப் குறைந்திருக்கிறதா? குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஏற மறுக்கிறதா? காலையில் செல்ஃப் அதிக நேரம் அடிக்க வேண்டியிருக்கிறதா? சைலன்சரில் வருவது கரும்புகையா, வெண்புகையா? கடைசியாக எங்கே டீசல் போட்டீர்கள், எப்போது சர்வீஸ் விட்டீர்கள்? இவற்றை நான்கு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் கிடைக்கும் கோடுக்குப் பொருள் சொல்லப்போவது இந்த வரிகள்தான்.

டீசல் மூடியை நன்றாக இறுக்கினால் விளக்கு அணையும் என்று இணையத்தில் பலர் சொல்வார்கள். அது பெட்ரோல் காருக்கான யோசனை. டேங்கில் எழும் பெட்ரோல் ஆவியைப் பிடித்து எரிக்கும் அமைப்பு பெட்ரோல் கார்களில் உண்டு. மூடி தளர்ந்தால் அது கசிவு என்று எடுத்துக்கொள்ளும். டீசல் காரில் அந்த அமைப்பே கிடையாது. அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

படி 2: பேட்டரி

செட்டிநாட்டில் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ குடியிருப்பவர்கள் ஊர் வீட்டில் ஒரு காரை விட்டுவைத்திருப்பார்கள். திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ வரும்போதுதான் அது வெளியே வரும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பேட்டரி இறங்கிப்போயிருக்கும். செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் சட்டென்று விழ, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஏழெட்டுக் கோடுகள் பதிவாகிவிடும்.

இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடாமல் அளந்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி இறங்கிவிட்டது. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்டும். பேட்டரி தளர்ந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

படி 3: கோடைப் படியுங்கள், அழிக்காதீர்கள்

இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல், பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு, பழுதைத் தானே கண்டறியும் ஓபிடி-2 அமைப்பு கட்டாயமானது. அதற்குப் பிந்தைய காரென்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடிப்பக்கம் 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். சில வண்டிகளில் சிறிய மூடிக்குள் ஒளிந்திருக்கும். ஸ்கேனரை அதில் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, போன் செயலியுடன் இணையுங்கள். ஐபோன் என்றால் வாங்கும்போதே அதற்குப் பொருந்தும் ஸ்கேனரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலிவான புளூடூத் வகைகள் பல ஆண்ட்ராய்டில் மட்டுமே வேலை செய்யும்.

கோடுகள் வந்ததும் அத்தனையையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உறுதியானவை, நிலுவையில் இருப்பவை என இரண்டு பட்டியல் இருக்கும், இரண்டும் வேண்டும். அடுத்து ஃப்ரீஸ் ஃப்ரேம் பக்கத்தைத் திறங்கள். கோட் பதிவான அந்த நொடியில் வண்டியின் வேகம், ஆர்பிஎம், கூலன்ட் வெப்பம், இன்ஜின் மீதிருந்த லோடு எல்லாம் அங்கே இருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓவர்டேக் செய்யும்போது வந்த கோடும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்த கோடும் ஒரே எண்ணாக இருந்தாலும் தேட வேண்டிய இடம் வேறு.

அழிக்கும் பட்டனைத் தொட வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது இதற்காகத்தான். கோடை அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும். பழுது அப்படியே இருக்கும், தடயம் மட்டும் இருக்காது.

வேலை முடிந்ததும் ஸ்கேனரைக் கழற்றிவிடுங்கள். சாவி ஆஃபில் இருந்தாலும் அந்த சாக்கெட்டில் பேட்டரி கரண்ட் வந்துகொண்டே இருக்கும். ஸ்கேனரோடு பூட்டிவிட்டு ஊருக்குப் போனால், திரும்பி வரும்போது பேட்டரி செத்திருக்கும்.

படி 4: கோட் என்ன சொல்கிறது

பி0299 என்றால், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் அழுத்தம் குறைவு. உடனே டர்போ போச்சு என்று முடிவுகட்டுவது தவறு. கோட் தெருவைச் சொல்லும், வீட்டைச் சொல்லாது. வீட்டை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

கோடின் விளக்கத்தில் 'சர்க்யூட்' என்ற சொல் இருந்தால் முதல் சந்தேகம் வயர், கப்ளர், ஃபியூஸ் மீது. 'ரேஞ்ச்' அல்லது 'பெர்ஃபார்மன்ஸ்' என்று இருந்தால் சென்சார் பேசுகிறது, ஆனால் அது சொல்லும் அளவு நம்பும்படி இல்லை என்று பொருள். பி என்ற எழுத்துக்குப் பின்னால் பூஜ்யம் வந்தால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோட். ஒன்று வந்தால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோட். காரின் மாடலையும் சேர்த்துத் தேடுங்கள். யு என்ற எழுத்தில் தொடங்கினால் கம்ப்யூட்டர்களுக்கு இடையேயான தொடர்பு அறுந்திருக்கிறது. இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய் பேட்டரியைப் பாருங்கள்.

டீசலில் அடிக்கடி சந்திப்பவை: பி0401, புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வழியே அது போதிய அளவு திரும்பவில்லை, பெரும்பாலும் கரி அடைப்பு. பி0087, இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயான ரெயிலில் டீசல் அழுத்தம் குறைவு. பி0101, காற்றின் அளவைச் சொல்லும் மாஃப் சென்சார். பி0671 முதல் பி0674 வரை அந்தந்த சிலிண்டரின் ஹீட்டர் பிளக். பி2463, புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப்பில் கரி சேர்ந்துவிட்டது.

படி 5: பானெட்டைத் திறந்து கண்ணால் பாருங்கள்

நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். இன்ஜின் ஆறிய பிறகு, டார்ச்சோடு இறங்குங்கள்.

முதலில் எலி. பெரிய வீட்டின் பின்கட்டில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் கார் எலிக்கு நல்ல இடம். பானெட்டின் உட்பக்க விரிப்பு பிய்ந்திருக்கிறதா, பேட்டரி தட்டில் எலிப்புழுக்கை கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வயரிங்கை ஒவ்வொரு அடியாகப் பின்தொடருங்கள். சுற்றியிருக்கும் கறுப்புக் குழாய் நன்றாக இருப்பதுபோல் தெரியும், அடிப்பக்கம் கடித்திருக்கும். விரலால் தடவினால்தான் பிடிபடும். அறுந்த வயரைக் கண்டால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஈயம் வைத்துப் பற்றி, சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். முறுக்கி டேப் ஒட்டிய இடம் இன்ஜின் சூட்டில் சீக்கிரமே விட்டுவிடும்.

அடுத்து ஏர் ஃபில்டர். நம் செம்மண் சாலைகளில் ஓடும் வண்டிக்கு, கம்பெனி சொல்லும் கிலோமீட்டர் கணக்குக்கு முன்பே அது அடைந்துவிடும். வெளியே எடுத்துத் தட்டிப் பாருங்கள். மாஃப் சென்சார் அதற்கு அடுத்துதான் இருக்கும். அதை விரலாலோ துணியாலோ தொடாதீர்கள். அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயை அடித்து, தானாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

பிறகு டர்போவிலிருந்து, சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் தடித்த ஓஸ்கள். பள்ளத்தூரில் பெரியப்பாவின் காரில் பி0299 வந்திருந்தது. "டர்போவையே மாத்தணும்ங்கறாங்கப்பா" என்று கவலையோடு சொன்னார். இன்டர்கூலரின் கீழ் ஓஸைத் தடவியபோது விரல் முழுக்கக் கறுப்பு ஆயில். மேலிருந்து பார்த்தால் ஓஸில் ஒரு கீறலும் இல்லை. கையால் வளைத்துப் பிடித்ததும் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு வாய் பிளந்தது. ஐடிலில் அந்தப் பிளவு மூடியே இருக்கும். மிதிக்கும்போது அழுத்தம் ஏறித் திறக்கும். ஓஸை மாற்றியதும் பிக்கப் திரும்பிவிட்டது, கோட் வரவில்லை. "பெரியப்பா, இனிமே கோட் நம்பரோட, எங்க பார்த்தாங்கன்னும் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஓஸ்களில் லேசான ஆயில் ஈரம் சகஜம்தான். ஒரே இடத்தில் வழிந்து தூசி அப்பியிருந்தால் அங்கே கசிவு.

பி0087 வந்தால் டீசல் ஃபில்டரில் தொடங்குங்கள். நீண்ட நாள் நின்ற டேங்கில் தண்ணீர் சேரும். ஃபில்டரின் அடியில் வடிகட்டும் திருகு இருந்தால், கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும். பழைய டீசல் வண்டிகளிலும் டிராக்டரிலும் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பார்கள். காமன் ரெயில் இன்ஜினில் அதைச் செய்யவே கூடாது. ஐடிலிலேயே நூற்றுக்கணக்கான பார், முழு லோடில் ஆயிரத்தைத் தாண்டும் அழுத்தம். ஊசிபோல் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்; கையையே இழக்க நேரிடலாம்.

படி 6: லைவ் டேட்டா

காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், சாவி ஆனில் மூன்று எண்களைப் பாருங்கள். கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் அன்றைய காலை வெப்பத்தை ஒட்டி, கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று மைனஸ் 40 என்று காட்டினால் அந்த சென்சாரின் வயரோ கப்ளரோ விட்டுப்போயிருக்கிறது. சென்சார் வாங்க ஓடாதீர்கள். மூன்றாவது, மேனிஃபோல்டு அழுத்தம், அதாவது சிலிண்டருக்குப் போகும் காற்றுக் குழாயில் உள்ள அழுத்தம். இன்ஜின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தம்தான். நம் சமவெளியில் 100 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும்.

பிறகு ஒருவர் ஓட்ட, இன்னொருவர் போனைப் பாருங்கள். ஓட்டுபவர் போனைப் பார்க்கவே கூடாது. ஆளில்லாத நேர்ச் சாலையில் மூன்றாவது கியரில் நன்றாக மிதித்தால் அந்த 100 தாராளமாக ஏற வேண்டும். எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும். 110, 120லேயே நின்றால் டர்போ காற்று இன்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை.

படி 7: பாரத் ஸ்டேஜ் 6 வண்டியா?

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய டீசல் கார்களில் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் இருக்கும். சேர்ந்த கரியை வண்டி தானே 600 டிகிரி அளவு சூட்டில் எரித்துவிடும். அதற்கு நிற்காத, சீரான ஓட்டம் வேண்டும். காரைக்குடியிலிருந்து கோட்டையூர், கோட்டையூரிலிருந்து பள்ளத்தூர், சாயங்காலம் பிள்ளையார்பட்டி என்று ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. எரிக்கத் தொடங்கும்போதே வீடு வந்துவிடும்.

டிபிஎஃப் விளக்கு மட்டும் எரிந்தால், திருமயம், புதுக்கோட்டை வழியாகத் திருச்சிச் சாலையில் 60 கிலோமீட்டருக்குக் குறையாத சீரான வேகத்தில் இருபது நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்து, வண்டி இழுக்கவும் மறுத்தால் இந்த ஓட்டம் வேண்டாம். ஒர்க்‌ஷாப் கருவியால்தான் எரிக்க வேண்டும். எரிப்பு பாதியில் நின்றுகொண்டே இருந்தால் டீசல் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஓட்டாமல் ஆயிலை மாற்றுங்கள். ஓட்டி முடித்த சூட்டோடு வைக்கோல் மேலோ காய்ந்த புல் மேலோ நிறுத்த வேண்டாம், தீப்பிடிக்கும்.

படி 8: சரிபார்ப்பு

ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் மட்டும் செய்யுங்கள். அதன் பிறகு கோடை அழித்து, ஃப்ரீஸ் ஃப்ரேமில் எழுதிவைத்த அதே வேகம், அதே லோடு, அதே சூட்டில் ஓட்டுங்கள். பல கோடுகள் ஒரே ஓட்டத்தில் விளக்கைப் போடாது. அதனால் விளக்கு அணைந்ததை மட்டும் நம்பாமல், இரண்டு மூன்று நாள் நிலுவைப் பட்டியலையும் திறந்து பாருங்கள்.

அங்கே அதே எண் மறுபடி தெரிந்தால் ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்புங்கள். "லைட் எரியுது" என்று மட்டும் சொல்லாமல், கோட் எண், ஃப்ரீஸ் ஃப்ரேம் ஸ்கிரீன்ஷாட், பேட்டரி வோல்டேஜ், பார்த்து முடித்த ஓஸ், வயர் எல்லாம் எழுதிய அந்த நோட்டுப் பக்கத்தைக் கையில் கொடுங்கள். எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், அது கெட்டிருப்பதை எந்தச் சோதனையில் பார்த்தார்கள் என்று கேட்டு, அதையும் அதே பக்கத்தில் குறித்துக்கொண்டு பிறகு சரி சொல்லுங்கள்.