ஹாம்பர்கில் அலுவல் முடிந்த பிறகு ஊர் பார்க்க

அலுவலாக ஜெர்மனியின் துறைமுக நகரான ஹாம்பர்க் செல்பவர்கள் ஊர் சுற்றிப் பார்க்க வார இறுதி வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜூன், ஜூலை மாதங்களில் அங்கே இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கோடையில் இந்திய நேரம் மூன்றரை மணி முன்னே இருப்பதால், இங்குள்ள குழுவினருடன் பேச வேண்டியவற்றைக் காலையிலேயே முடித்துக்கொண்டால், மாலை முழுவதும் தொல்லையின்றி உங்களுக்கே கிடைக்கும்.

முதல் மாலையில் லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத்துறையிலிருந்து ஃபிங்கன்வெர்டர் செல்லும் 62ஆம் எண் படகில் ஏறுங்கள். நகரப் பேருந்துக்கும் ரயிலுக்கும் வாங்கும் அதே பயணச்சீட்டு இதற்கும் செல்லும் என்பதால், அதிகக் கட்டணம் கேட்கும் சுற்றுலாப் படகுகளை நாட வேண்டாம். மேல்தளத்தில் நின்றால், கப்பல் பழுதுபார்க்கும் மிதவைத் தளங்களும், கொள்கலன்களைத் தூக்கி இறக்கும் பிரம்மாண்டமான பாரந்தூக்கிகளும் வெகு அருகில் தெரியும். துறைமுகம் வேலை செய்வதை இவ்வளவு கிட்டத்தில் காட்டும் பயணம் வேறில்லை என்பது என் கருத்து. கோடையிலும் ஆற்றுக் காற்று குளிரும்; மேலங்கி அவசியம்.

அதே படகுத்துறையருகே எல்பே ஆற்றுக்கு அடியில் செல்லும், 1911இல் திறக்கப்பட்ட பழைய எல்பே சுரங்கப்பாதை இருக்கிறது. 426 மீட்டர் நீளமுள்ள அதில் நடந்து அக்கரை சேர்ந்தால், நகரத்தின் முகப்பு முழுவதையும் ஒரே பார்வையில் காணலாம். நடந்து செல்பவர்களுக்குக் கட்டணமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். வாங்க வேண்டியவற்றைச் சனிக்கிழமையே வாங்கிவிட்டு, ஞாயிறு விடியற்காலையில் மீன் சந்தைக்குச் செல்லுங்கள். ஒன்பதரை மணிக்கே அது முடிந்துவிடும்.