புகைப்படத்தில் முகம் மஞ்சளடிக்கிறதா? இப்படிச் சரிசெய்யுங்கள்

3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அலகு) அளவிலான மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் படமெடுத்த முகம் காமாலை வந்தது போல இருக்கும். மரத்தடியில் எடுத்தால் கன்னத்தில் பச்சை ஏறிவிடும். உடனே தோலின் நிறத்தில் கைவைக்காதீர்கள். முதலில் ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறச்சாயலை நீக்கி வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் திருத்தம்.

லைட்ரூம் போன்ற படத்திருத்த மென்பொருளில் ஒயிட் பேலன்ஸுக்கான ஐட்ராப்பரை (சொட்டுக்குழாய் வடிவக் கருவி) எடுத்து, முகத்தில் படும் அதே வெளிச்சம் விழுகிற சாம்பல் நிறப் பகுதி ஒன்றில் கிளிக் செய்யுங்கள். பல்லையும் விழியின் வெள்ளையையும் நம்பவே வேண்டாம். பெரிதாக்கிப் பாருங்கள்: பல்லில் மஞ்சள் இருக்கும், விழியில் மெல்லிய சிவப்பு நரம்புகள் ஓடும்.

அப்புறம் கர்சரைக் கன்னத்தில் வைத்து, சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவைக் காட்டும் எண்களைக் கவனியுங்கள். கருப்போ மாநிறமோ வெளுப்போ, பொதுவாகச் சிவப்பு அதிகம், அடுத்தது பச்சை, கடைசியில் நீலம் என்றுதான் வரும். நீலம் பச்சையைத் தாண்டியிருந்தால் டெம்பரேச்சரை (நீலம்-மஞ்சள் சாயலை மாற்றும் ஸ்லைடர்) மஞ்சள் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். பச்சை தூக்கலாக இருந்தால் டின்ட்டை (பச்சை-மெஜந்தா சாயலை மாற்றும் ஸ்லைடர்) மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு-ஊதாப் பக்கம்.

அதன் பிறகும் முகம் செக்கச்செவேலென்று இருந்தால், ஆரஞ்சு சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தி) மட்டும் 5 முதல் 10 வரை குறைத்தாலே போதும். தோலின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சில்தான் அடங்கியிருக்கிறது. தயவுசெய்து ஆரஞ்சு லூமினன்ஸை (நிறத்தின் பிரகாசம்) ஏற்றி யாரையும் வெளுப்பாக்காதீர்கள். அவர் நிறம் அவருடையது.

ஜேபெக்கைவிட ரா கோப்பில் (கேமரா பதிவுசெய்த தகவலைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பு) இதையெல்லாம் செய்வது எளிது. திரையை மஞ்சளாக்கும் நைட் மோட் அணைந்திருக்கிறதா என்று மறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.