உதடு வறண்டு வெடிக்கும்போது செய்ய வேண்டியவை

உதட்டுத் தோல் மிக மெல்லியது; எண்ணெய்ச் சுரப்பிகளும் அதில் ஏறக்குறைய இல்லை என்பதால், குளிர்காற்றிலும் கடும் வெயிலிலும் எளிதில் வறண்டுவிடுகிறது. வறட்சி தெரிந்ததும் நாக்கால் தடவிக்கொள்வதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. எச்சில் ஒரு நொடி இதமாக இருக்கும்; பிறகு அது ஆவியாகும்போது இருந்த ஈரமும் குறைந்துபோவதோடு, அதிலுள்ள செரிமான நொதிகள் தோலை உறுத்தவும் செய்கின்றன.

சிகிச்சை எளியது. உதட்டைத் தண்ணீரால் நனைத்து, மென்துணியால் ஒற்றி, ஈரம் முழுவதும் காய்வதற்குள் வாசனையற்ற பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய படலமாகப் பூச வேண்டும். பகலில் பல முறையும், படுக்கும் முன் சற்றுத் தடிப்பாகவும் பூசுவது நல்லது. கற்பூரம், மெந்தால் கலந்த களிம்புகள் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் அந்தக் குளுகுளுப்பைக் குணமாவதன் அறிகுறி என்று எண்ணிவிடக் கூடாது, அது பெரும்பாலும் எரிச்சலே. ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும் தோலைப் பிய்க்கும் ஆசையை அடக்குவது கடினம்தான். பிய்த்தால் உயிருள்ள தோலும் சேர்ந்து கிழிந்து இரத்தம் கசியும் என்பதால், அது தானாக உதிரும்வரை விட்டுவிடுங்கள்.

வெயிலில் செல்வோர் வெயில் தடுப்புத் திறனைக் குறிக்கும் எஸ்பிஎஃப் (SPF) எண் 30 அல்லது அதற்கு மேற்பட்ட உதட்டுத் தைலத்தைப் பயன்படுத்தி, 2 மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும். வாய் வழியாக மூச்சுவிடும் பழக்கமும், முகப்பருவுக்கான ஐசோட்ரெடினோயின் மாத்திரையும்கூட உதட்டை உலர்த்தும். வாயோரப் பிளவுகளுக்குப் பூஞ்சைத் தொற்றோ இரும்பு, பி வைட்டமின் குறைபாடோ காரணமாகலாம். அவையும், 2 முதல் 3 வாரங்களில் ஆறாத புண்களும் மருத்துவரிடம் காட்டப்பட வேண்டியவை.