பதின்வயதுப் பிள்ளை ஏஆர்டி (எச்ஐவிக்கான) மாத்திரையை நாள் தவறாமல் போட: நாங்கள் கண்டுபிடித்த காலண்டர் வழி

என் அக்கா மகனுக்கு இப்போது பதினேழு வயது. பிறப்பிலேயே எச்ஐவி தொற்று. அக்காவும் மச்சானும் இல்லை. பாலக்கோட்டில் என்னிடமும் பாட்டியிடமும்தான் (ஆயா என்போம்) வளர்ந்தான். பத்து வயது வரை மாத்திரை ஒரு பிரச்சினையே இல்லை. ஆயா வாயைத் திறடா என்றால் திறப்பான். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது வைரல் லோட், அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, பதினெட்டாயிரத்தைத் தாண்டி வந்தது. முந்தைய வருஷம் அதே பரிசோதனையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருந்தது. அதைத் திரும்பக் கீழே கொண்டுவர எட்டு மாதம் ஆனது. அதில் ஐந்து மாதம் நான் தப்பான இடத்தில் கை வைத்துக்கொண்டிருந்தேன்.

ஏஆர்டி மையத்தில் பதிவது, புத்தகம் வாங்குவது, தேதிக்குப் போய் மாத்திரை எடுத்து வருவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதற்குப் பிறகு வீட்டில் நடப்பதை மட்டும் எழுதுகிறேன்.

படி 1: எண்ணுங்கள், ஆனால் எண்ணிக்கையை நம்பாதீர்கள்

டப்பாவில் 30 மாத்திரை. திறந்த தேதியை மூடியில் பேனாவால் எழுதுங்கள். இருபது நாள் கழித்து உள்ளே பத்து இருக்க வேண்டும். மாத்திரை 95 சதவீதமாவது தவறாமல் போக வேண்டும் என்பார்கள்; 30-இல் 2 தவறினாலே அதற்குக் கீழே போய்விடுகிறது, ஆகவே ‘மாசத்துக்கு ரெண்டுதானே’ என்று விடாதீர்கள்.

நான் தினமும் எண்ணினேன். கணக்கு ஒரு நாளும் தப்பவில்லை, வைரல் லோட் மட்டும் ஏறியது. ஐப்பசி மழை விட்ட ஒரு காலை, கொல்லையில் முருங்கை மரத்தடியைக் கொத்திக்கொண்டிருந்த ஆயா, ‘இது என்னடா, சோழி மாதிரி’ என்று கையில் ஏந்தி வந்தார். ஊறி, உப்பி, மேல்பூச்சு உரிந்த மாத்திரைகள். பதினாறு இருந்தன. நான் போலீஸ்காரன் மாதிரி எண்ணினேன். அவன் கணக்குக்குச் சரியாக எடுத்து ஜன்னல் வழியாக எறிந்திருக்கிறான்.

அன்று வரை அவனுக்கு மறதி என்றே நினைத்திருந்தேன். வேண்டாம் என்று எறிகிறவனுக்கு அலாரம் வைத்து என்ன பயன்?

படி 2: என்ன மாத்திரை என்று சொல்லுங்கள்

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். சத்து மாத்திரை என்றுதான் அவனிடம் சொல்லி வைத்திருந்தோம். பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் வயசுக்குத் தகுந்தபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று ஏஆர்டி மையத்துக் கவுன்சிலர் (ஆலோசகர்) இரண்டு முறை சொல்லியிருந்தார். ஆயா அழுவார், பையன் நாலு பேரிடம் உளறிவிடுவான் என்று நான்தான் தள்ளிப் போட்டேன்.

முருங்கை மர விஷயத்துக்குப் பிறகு கவுன்சிலரிடம் பேசிவிட்டு, ஒரு ஞாயிறு மாலை என் செல்போன் சர்வீஸ் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி உட்கார்ந்தோம். நான் தொடங்கும் முன்பே அவன் கேட்டான்: “சத்து மாத்திரைன்னா எதுக்கு மாமா பீரோவுல வெச்சுப் பூட்டறீங்க?” டப்பாவில் இருந்த பெயரை ஒரு வருஷம் முன்பே போனில் தேடிப் பார்த்திருக்கிறான். முதலில் கண்ணில் பட்டது ஏதோ பழைய பக்கம். சாவு, சாவு என்றே இருந்ததாம். சாகத்தானே போகிறோம், இதை ஏன் விழுங்க வேண்டும் என்று எறிய ஆரம்பித்திருக்கிறான்.

ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். நாங்கள் மூன்று முறை பேசினோம். முதல் நாள் பெயர் மட்டும்: உன் ரத்தத்தில் இருப்பது எச்ஐவி, இந்த மாத்திரை அதை அடக்கி வைக்கிறது, தினமும் போடுகிறவர்கள் மற்றவர்களைப் போலவே வேலைக்குப் போய் வயதாகும் வரை வாழ்கிறார்கள். இரண்டாவது முறை, எப்படி வந்தது என்பது. ‘அம்மா மேல தப்பா?’ என்று கேட்டான். அவன் இரண்டு வயதில் சளியும் காய்ச்சலுமாகப் படுத்தபோதுதான் அக்காவுக்கே தெரியவந்தது, அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் ஸ்க்ரூ டிரைவரை உருட்டிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது முறை ஏஆர்டி மையத்திலேயே, கவுன்சிலரும் கூட இருந்தார். தினமும் மாத்திரை போட்டு வைரஸ் கண்டறிய முடியாத அளவிலேயே நீடித்தால், உடலுறவு வழியாக இன்னொருவருக்குத் தொற்று போகாது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். என் வாயில் அது வந்திருக்காது. பஸ்ஸில் திரும்பும்போது மாரண்டஅள்ளிப் போர்டு போட்ட வண்டியின் கடைசி சீட்டில், ‘அப்ப எனக்குக் கல்யாணம் ஆகுமா மாமா?’ என்றான். ஆகும்டா என்றேன். நான் வாங்கிய எந்த டப்பாவும் போட்ட எந்த ஆப்பும் செய்யாததை அந்தப் பதில் செய்தது.

ஏன் ஒரு நாள்கூட விடக்கூடாது என்பதை எங்கள் ஊர் வழக்கில் சொன்னேன். தக்காளிக்கு இன்றைக்கு அரை மருந்து, நாலு நாள் விட்டு இன்னொரு அரை மருந்து அடித்தால், தப்பித்த புழு அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும். பிறகு வேறு மருந்துதான் தேட வேண்டும். எச்ஐவிக்கு அப்படி மாற்றி மாற்றிப் போகக் கைவசம் நிறைய மருந்துகள் இல்லை. அவன் தாத்தா தக்காளி போட்டவர், அதனால் சட்டென்று பிடித்துக்கொண்டான்.

படி 3: நேரத்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள்

எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணி. ஏன் இரவு? முன்பு கொடுத்த மாத்திரையில் எஃபாவிரென்ஸ் இருந்தது. அது தலைசுற்றலும் கெட்ட கனவும் தரும், படுக்கும்போது போடச் சொல்வார்கள். பின்னர் டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம், டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300 சேர்ந்த ஒரே மாத்திரைக்கு மாற்றினார்கள். மருந்து மாறியது, எங்கள் வீட்டு நேரம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ஒன்பது மணிக்கு அவன் டியூஷனிலோ, மாரியம்மன் பண்டிகை என்றால் தெருக்கூத்திலோ இருப்பான். டாக்டரைக் கேட்டதும் ‘காலையில தாராளமா போடலாம்’ என்றார். சிலருக்கு டோலுடெக்ராவிர் தூக்கத்தைக் கெடுக்குமாம், அதற்கும் காலைதான் நல்லது.

படி 4: காலண்டர்

வீட்டில் எல்லோரும் பார்க்கிற இடத்தில், யாருக்கும் சந்தேகம் வராத ஒரு அடையாளம் வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது தினசரி காலண்டர். மாத்திரையை விழுங்கிய பிறகே அன்றைய தாளைக் கிழிக்க வேண்டும். தாள் பழைய தேதியிலேயே தொங்கினால் மாத்திரை இன்னும் போகவில்லை என்று அர்த்தம். வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை, ‘காலண்டர் கிழிக்கலையா?’ என்றால் போதும். விருந்தாளிகள் இருந்தாலும் கேட்கலாம்.

முதல் வாரமே சொதப்பியது. ஆயா நாலரைக்கு எழுந்து நல்ல நேரம் பார்க்கிற சாக்கில் கிழித்துவிடுவார். நாற்பது வருஷப் பழக்கம், சொல்லியும் கேட்கவில்லை. அவன் அறையில் இரண்டாவது காலண்டர் மாட்டினேன்.

படி 5: டப்பா, அலாரம்

ஏழு அறை போட்ட மாத்திரைப் பெட்டி எனக்குப் பிடிக்காது. அதைப் பார்த்தாலே ‘யாருக்கு என்ன வியாதி’ என்று கேட்பார்கள். மாத்திரை அதன் சொந்த டப்பாவிலேயே இருக்கட்டும். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். பையில் எடுத்துப் போகும்போது கலகலவென்று சத்தம் வந்தால் மேலே கொஞ்சம் பஞ்சு வையுங்கள். பெயர்ச் சீட்டைச் சுரண்டாமல் மேலே வெள்ளைத்தாள் ஒட்டுங்கள். சுரண்டினால் காலாவதித் தேதியும் போய்விடும். அவசரத்துக்கு இரண்டு மாத்திரை ஒரு விபூதி டப்பாவில் அவன் பையிலேயே இருக்கும், மாதம் ஒருமுறை புதிதாக மாற்றுவோம். ஆடி பதினெட்டுக்கு ஒகேனக்கல் போய் பஸ் கிடைக்காமல் தங்கிய அன்று அதுதான் கைகொடுத்தது.

நினைவூட்டும் ஆப் வேண்டாம். போன் ரிப்பேர் செய்கிற நானே சொல்கிறேன். பல போன்களில் பேட்டரி சேமிப்பு அமைப்பு அந்த ஆப்பைப் பின்னணியில் நிறுத்திவிடும். ஒருநாள் அடித்தபோதும் ‘மாத்திரை நேரம்’ என்று திரையில் பெரிதாக வந்து கூட்டாளி படித்துவிட்டான். போனோடு வருகிற கடிகாரத்தில் சாதா அலாரம் வைத்து, பெயர் ‘சார்ஜ்’ என்று போடுங்கள்.

படி 6: தவறிவிட்டால்

ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த மாத்திரைக்கு நான்கு மணி நேரம்கூட இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்ததை நேரத்துக்குப் போடுங்கள். இரண்டைச் சேர்த்துப் போடக்கூடாது. திட்டாதீர்கள், திட்டினால் மறுபடி முருங்கை மரம்தான்.

எங்களுக்கு இப்படி மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டபின் மறுபரிசோதனை செய்தார்கள். வைரல் லோட் பழையபடி கண்டறிய முடியாத அளவு.

பிறகு சேர்த்தது: ஊத்தங்கரையிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார், பள்ளியில் வாரம் ஒரு நாள் தரும் நீல இரும்புச்சத்து மாத்திரையைச் சேர்த்துப் போடலாமா என்று. நல்ல கேள்வி, நான் விட்டுவிட்டேன். வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டால் இரும்பும் கால்சியமும் டோலுடெக்ராவிரை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டோடு என்றால் சேர்த்துப் போடலாம். இல்லையென்றால் டோலுடெக்ராவிரை இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் சிரப்புக்குச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது, அந்த இரண்டும் ஆறும்தான். டிபி மருந்து தொடங்கினால் உடனே ஏஆர்டி டாக்டரிடம் சொல்லுங்கள். அதில் ரிஃபாம்பிசின் என்ற மருந்து இருந்தால் டோலுடெக்ராவிர் இரண்டு வேளையாகும்.

இன்னொன்று: ஹாஸ்டலில் சேர்த்தால் வார்டனிடம் சொல்ல வேண்டுமா என்று இருவர் கேட்டார்கள். கட்டாயமில்லை. 2017-இல் வந்து 2018 செப்டம்பரில் அமலான எச்ஐவி சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டிப் படிக்கும் இடத்தில் ஒதுக்கவும் முடியாது. சந்தேகம் இருந்தால் 1097-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. எங்கள் பையன் இப்போது கிருஷ்ணகிரியில் டிப்ளமோ, ஹாஸ்டல்தான். போன மாதம் போயிருந்தபோது கட்டில் பக்கத்துச் சுவரில் அதே தினசரி காலண்டர். அறைத் தோழன் அன்றைய பலன் பார்க்கத் தாளைத் தூக்கினான். ‘டேய், அதுல மட்டும் கை வெக்காத’ என்று இவன் குளியலறையிலிருந்தே கத்தினான்.