மாடியில் மீன்தொட்டி: சுவர் ஓரம் என்றால் எந்தச் சுவர்?

போன மாதம் உச்சிப்புளித் தம்பி ஒருவர் படம் அனுப்பியிருந்தார். மாடி ஹாலில் புத்தம்புது நாலடித் தொட்டி, நீல லைட், உள்ளே மணல்கூட இன்னும் கலங்கல் தெளியவில்லை. கூடவே ஒரு குரல் பதிவு: "நடுவுல வைக்கலண்ணே, சுவரை ஒட்டித்தான் வச்சிருக்கேன்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்திலிருந்த கதவு நிலை காட்டிக்கொடுத்துவிட்டது. நாலரை இஞ்ச் சுவர், அறையைப் பிரிக்க எழுப்பும் வெறும் தடுப்பு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே வேலையைக் கீழக்கரையில் நான் செய்து, கைக்காசைக் கொடுத்துக் கற்றுக்கொண்டவன்.

இரை அதிகம் போடாதே, குளோரின் தண்ணீரை நேராக ஊற்றாதே என்பதெல்லாம் மீன் விற்கும் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். மாடியைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

எடை போடாமல் வாங்குவது

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். பெருக்கினால் 12 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 340 லிட்டர், அதாவது 340 கிலோ. கடல்தண்ணீர் ஊற்றினால் இன்னும் எட்டொன்பது கிலோ கூடும். 10 மி.மீ. கண்ணாடி மட்டும் 65 கிலோ வரும். மணல், கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் 480 கிலோவைத் தொட்டுவிடும். அது நிற்பதோ ஆறு சதுர அடியில். அப்படியானால் சதுர அடிக்கு 80 கிலோ.

கட்டடம் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று சொல்லும் இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875. வீட்டு அறைகளுக்கு அது வைத்திருக்கும் பாரம் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சதுர அடிக்குச் சுமார் 19 கிலோ. இதைப் படித்துவிட்டுத் தொட்டியை விற்க ஓட வேண்டாம். அந்த 19 கிலோ அறை முழுக்கப் பரப்பி வைக்கிற கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அறை மொத்தத்துக்கு இரண்டேகால் டன் வந்துவிடும். நல்ல தளம் நாலடித் தொட்டியைத் தாங்கும். எங்கே வைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

"தங்கச்சி கல்யாணத்துக்கு அம்பது பேர் நின்ன மாடிண்ணே" என்பார்கள். அந்த ஐம்பது பேரும் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். தொட்டி போகாது. விடாமல் உட்கார்ந்திருக்கும் பாரத்துக்குக் கான்கிரீட் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்யும்.

சுவர் ஓரம்

பத்தடி அகல அறையில் நட்டநடுவில் ஒரு பாரத்தை வைத்தால் தளத்தை வளைக்கும் விசை எவ்வளவோ, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்தால் அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும். அதனால் சுவர் ஓரம் வை என்று சொல்கிறார்கள். சரியான பேச்சுதான். ஆனால் தளத்தைத் தாங்குவது தளத்துக்குக் கீழே இருக்கும் சுவர், இல்லையென்றால் பீம். மேலே நிற்கிற சுவர் தளத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் இன்னொரு பாரம். பத்தடி உயர நாலரை இஞ்ச் செங்கல் சுவர், பூச்சோடு சேர்த்து, நீளத்தில் ஒவ்வொரு அடிக்கும் 200 கிலோவுக்கு மேல் வரும். அடியில் பீம் இல்லாத அப்படியொரு சுவரை ஒட்டித் தொட்டி வைப்பது, ஏற்கெனவே மூட்டை சுமப்பவர் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுகிற மாதிரி.

கீழக்கரையில் நான் ஏற்றியது அப்படித்தான். பழைய பெரிய வீடு. அண்ணன் தம்பி இருவருக்கும் பாகம் பிரித்தபோது மாடி ஹாலின் குறுக்கே ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. வெள்ளையடித்த சுவர் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். அதை ஒட்டி நாலடித் தொட்டியை நிறுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு நேர் கீழே பதினாலு அடி அகலத்தில் தூணும் இல்லாத பீமும் இல்லாத வெட்டவெளிக் கூடம்.

எட்டு மாதம் கழித்து அந்த வீட்டுக் காக்கா (அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) போன் செய்தார். "தம்பி, ஒரு எட்டு வந்து பாருங்க. உம்மா படுக்குற இடத்துல காரை விழுது." போய்ப் பார்த்தேன். கீழ்க்கூடத்து மேற்கூரையில் முழ நீளத்துக்குக் காரை பெயர்ந்து, உள்ளே கம்பி துருவேறிச் செதில் செதிலாகத் தெரிந்தது. கட்டில் விரிப்பின் மேல் உள்ளங்கை அகலக் காரைத்துண்டு ஒன்று கிடந்தது. அந்த அம்மா அப்போது தொழுதுகொண்டிருந்ததால் தப்பினார். என்னைத் திட்டக்கூட இல்லை. "மேல என்ன வாப்பா வச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார்.

கூட்டி வந்து காட்டிய இஞ்சினியர், கம்பி முன்பே துருப்பிடித்து உப்பியிருக்கிறது, உன் தொட்டி விரிசலைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான் என்றார். நம் கடற்கரையில் அதற்குக் குறைவில்லை. உப்புக்காற்று ஒரு பக்கம், உவர்த் தண்ணீரில் குழைத்த பழைய கான்கிரீட் ஒரு பக்கம். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் உள்ளிருந்தே காரையைத் தள்ளும். அதற்காக என் தப்பு குறைந்துவிடவில்லை. கீழே இறங்கி ஒரு தடவை அண்ணாந்து பார்த்திருந்தால் போதும். கான்கிரீட் ரிப்பேரில் பாதிச் செலவை நான் ஏற்றேன். அந்த ஆண்டு முழுக்க மாட்டிய தொட்டிகளில் கிடைத்த லாபம் அதில் போனது.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கீழ்வீடுதான். வெளிச்சுவரிலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ டேப் பிடித்து மேலேயும் கீழேயும் ஒரே இடத்தைக் குறிப்பேன். அந்தக் குறிக்கு அடியில் ஒன்பது இஞ்ச் சுவரோ, துருத்திக்கொண்டிருக்கும் பீமோ இருக்க வேண்டும். இரண்டு சுவர் சேரும் மூலை கிடைத்தால் இன்னும் நல்லது. மேற்கூரையில் கம்பி ஓடும் திசையில் துருக்கறையோ மயிரிழை விரிசலோ தெரிந்தால் இஞ்சினியர் பார்க்காமல் தொட்டி ஏறாது. கீழ்வீட்டில் வேறு ஆட்கள் குடியிருந்தாலும் கதவைத் தட்டுவேன். கூச்சப்பட்டால் ஆகாது.

மெட்ராஸ் டெரஸ் வீடு

மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய மச்சா? தொட்டியைக் கீழேயே வையுங்கள்.

பால்கனி

வேண்டாம்.

தெர்மகோல் போட்டால் பாரம் குறையுமா?

குறையாது. பலகையின் மேடுபள்ளத்தில் அடிக்கண்ணாடி விரிசல் விடாமல் காப்பதுதான் அதன் வேலை.

நாலு கால் ஸ்டாண்ட்

480 கிலோவும் நாலு இரும்புக் காலின் முனையில் இறங்கினால் முதலில் டைல்ஸ் போகும். காலுக்கடியில் நீளவாக்கில் சட்டம் ஓடும் ஸ்டாண்டாக வாங்குங்கள். பாம்பன், மண்டபம் பக்கம் வெறும் பெயின்ட் அடித்த ஆங்கிள் ரொம்ப நாள் தாங்காது. கடல்மீன் தொட்டியில் மூடியைச் சுற்றி உப்புப் பூத்து வழியும், அது வெல்டிங்கைத்தான் முதலில் தின்னும். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொரு வெல்டிங்கையும் நகத்தால் கீறிப் பாருங்கள்.

கரையில் பொறுக்கிய பவளப்பாறை

எடை கூடுகிறதே என்பது இருக்கட்டும். 2001 முதல் பவளப்பாறை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியோடு சேர்த்து. எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வைத்த பிறகு பார்க்காமல் விடுவது

தொட்டியே ஒரு ரசமட்டம். தண்ணீர் எப்போதும் மட்டமாகத்தான் நிற்கும், சாய்வது கண்ணாடிதான். நிரப்பிய அன்றே மோட்டாரை நிறுத்தி, அலை அடங்கியதும், நாலு மூலையிலும் தண்ணீர் விளிம்பில் மார்க்கரால் மெல்லிய கோடு போடுங்கள். மாதம் ஒருமுறை அதே மாதிரி நிறுத்திப் பாருங்கள். நாலு மூலையிலும் ஒரே அளவு இறங்கியிருந்தால் ஆவியானது, கவலையில்லை. ஒரு பக்கம் கோட்டுக்கு மேலும் எதிர்ப்பக்கம் கீழும் போனால் ஸ்டாண்டோ தளமோ அசைந்திருக்கிறது.

உச்சிப்புளித் தம்பியிடம் இதைத்தான் செய்யச் சொன்னேன். இரண்டு வாரத்தில் மறுபடி படம் வந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் ஸ்கேலைப் பிடித்து எடுத்திருந்தார். இடது மூலையில் மூன்று மி.மீ. வித்தியாசம். கீழே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "கார் ஷெட்ண்ணே. ரெண்டு பக்கமும் திறந்துதான் இருக்கு." தண்ணீரைப் பாதிக்குமேல் இறக்கிவிட்டு, வாசல் பக்கம் ஒன்பது இஞ்ச் சுவர் எங்கே வருகிறது என்று டேப் பிடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மீன்கள் இப்போதைக்கு அவர்கள் வீட்டுத் துணி ஊற வைக்கும் டப்பில் இருக்கின்றன. அவருடைய அம்மாவுக்கு அதில்தான் கோபம்.