பிள்ளைகளோடு ரகசிய எழுத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்திரி வெயிலில் பிள்ளைகளைப் பகலில் தெருவுக்கு அனுப்ப முடியாது. போன மே மாதம் எங்கள் மேற்கு மாம்பலம் வீட்டில் அக்கா பிள்ளைகளும் என் பையனும் அந்த நேரத்தை ரகசிய எழுத்திலேயே கழித்தார்கள். முதல் இரண்டு நாள் மட்டும் வீணாய்ப் போனது. அதற்கு நான்தான் காரணம்.

இங்கிலீஷில் 26 எழுத்துதான். 1, 2, 3 என்று எண் கொடுத்தால் வேலை முடிந்தது. அதே முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்து 247 எழுத்துக்கும் எண் போட்டுச் சுவரில் ஒட்டினேன். ‘கோ’ எத்தனையாவது என்று தேடித் தேடியே பிள்ளைகள் களைத்துவிட்டார்கள். பெரும்பாலான வீடுகளில் நடக்கும் முதல் தவறு இது.

தமிழுக்கு வேறு வழி இருக்கிறது. மெய் 18. அதை இரண்டு வரிசையாக, ஒன்பது ஒன்பதாக எழுதுங்கள்:

க் ங் ச் ஞ் ட் ண் த் ந் ப்
ம் ய் ர் ல் வ் ழ் ள் ற் ன்

மேலே இருப்பதற்குக் கீழே இருப்பதைப் போட வேண்டும், கீழே இருப்பதற்கு மேலே இருப்பதை. உயிர் எழுத்தைத் தொட வேண்டாம். ‘வடை’ இப்போது ‘டவை’. ‘லட்டு’, ‘ஞவ்வு’. ‘முறுக்கு’, ‘குநும்மு’! எழுதவும் படிக்கவும் இந்த ஒரே அட்டவணை போதும். வாயால் சொல்லவும் வரும் என்பதால் சமையலறை வரைக்கும் ‘குநும்மு, குநும்மு’ என்று ஒரே சத்தம். ஜ, ஸ, ஷ, ஹ வந்தால் அப்படியே விட்டுவிடலாம். இதை முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பேரில் ‘ஜ’ இருக்கிற பிள்ளை முதல் வரியிலேயே நின்றுவிடும்.

உயிர்மெய் இன்னும் பழகாத சின்னவர்களை இதில் உட்கார வைக்காதீர்கள். அவர்களுக்கு, சின்ன வயதில் ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ‘க’ சேர்த்து நாம் பேசிய க-பாஷையே சரி: ‘நீ வா’ என்றால் ‘கநீ கவா’. பெரிய பிள்ளைகளிடம் குழூஉக்குறி பற்றியும் சொல்லலாம். பொற்கொல்லர்கள் பொன்னைத் தங்களுக்குள் ‘பறி’ என்று சொன்னதைக் கேட்டதும் என் பையன் தனக்கென்று பத்துச் சொல் உண்டாக்கிவிட்டான்.

அடுத்த தவறுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. விளையாட்டை டிக்டேஷன் ஆக்கிவிடுகிறோம். ‘மிட்டாய் அறையில்’ என்று எழுத நினைத்த என் பையன், ‘அறை’யை ‘அரை’ என்று நினைத்து, ‘அநை’க்குப் பதில் ‘அசை’ போட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா பெண் அட்டவணையைப் பார்த்து மாற்றிப் படித்துவிட்டு, “அரைன்னா பாதிதானேடா? பாதியில எங்க இருக்கு?” என்று கேட்டாள். அவன் சீட்டைப் பிடுங்கிப் பார்த்தான், ‘ச’வை அடித்தான், ‘ந’ எழுதினான். சிவப்புப் பேனாவால் நான் திருத்தியிருந்தால் அன்றைக்கே எழுந்து போயிருப்பான்.

செய்தி நீளமாகவும் வேண்டாம், வெறும் பயிற்சியாகவும் வேண்டாம். மூன்று நான்கு சொல் போதும். படித்து முடித்தால் கையில் ஏதாவது கிடைக்க வேண்டும்: டப்பாவில் ஒரு கடலை மிட்டாய், மொட்டை மாடியில் இன்னொரு சீட்டு.

பிள்ளைகள் தங்களுக்குள் எழுதியதை எடுத்துப் படிக்காதீர்கள். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள்: பெரியவர் யாராவது “அம்மாகிட்ட சொல்லாதே” என்றால் அது இந்த விளையாட்டில் சேராது, உடனே வீட்டில் சொல்ல வேண்டும்.

எலுமிச்சைச் சாற்றில் எழுதுவதாக இருந்தால், பல்பு அருகே காட்டச் சொல்லும் பழைய குறிப்பை நம்ப வேண்டாம். அது குண்டு பல்பு காலத்துக் குறிப்பு. எல்ஈடி பல்பில் அந்தச் சூடு வராது. அதற்காக கேஸ் அடுப்பில் காட்டுவது பெரிய ஆபத்து. சாறு பட்ட இடம் மற்ற இடத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பழுப்பாகும் என்பதால் அயர்ன் பாக்ஸ் போதும். நீராவி விடாமல் பெரியவர்தான் தேய்க்க வேண்டும். பட்ஸ் குச்சியால் லேசாக எழுதுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் காகிதம் சீக்கிரம் காயாது. ஃபேனுக்கு அடியில் வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே தேய்க்க எடுங்கள்.