மார்ச் 31 ராத்திரி பில் போடச் சொன்னால்

மார்ச் 31, கணக்கு வருஷத்தின் கடைசி நாள், ராத்திரி எட்டரை மணி. "நாலு பில் மட்டும் போட்டுடுப்பா, சரக்கு நாளைக்குப் போயிடும்" என்று, இந்த வருஷ விற்பனையைக் கூட்டிக் காட்ட, மேலாளர் கணக்குப் பிரிவில் உங்கள் முன்னால் வந்து நிற்பார். அந்த நேரத்தில் நியாயம், தர்மம் என்று ஆரம்பித்தால் வேலைக்கு ஆகாது. காகிதத்தைக் கேளுங்கள்.

கேட் பாஸ் எங்கே, லாரி ரசீது எங்கே, சரக்கு வண்டியில் போக ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில் எத்தனை மணிக்குப் போட்டது? எல்லாமே ஏப்ரல் 1 தேதியில்தான் வரும் என்றால் அது இந்த வருஷ விற்பனை இல்லை. சரக்கு வாங்குபவர் இடத்தில் இறங்கினால்தான் அவர் பொறுப்பு என்று ஒப்பந்தம் இருந்தால் லாரி கிளம்பியதுகூடப் போதாது. "கேட் பாஸ் நம்பர் கொடுங்க சார், உடனே போட்டுடறேன்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், பல பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள்.

திரும்பாதவருக்கு இரண்டு வரி மின்னஞ்சல்: "சரக்கு இன்னும் கிடங்கில் இருக்கிறது, 31 தேதியிட்டு பில் போடச் சொல்கிறீர்களா?" பெரும்பாலும் பதிலே வராது. "ஆமாம், போடு" என்று வந்தாலும் போடாதீர்கள், அவர் சொல்லித்தான் செய்தேன் என்பது உங்களைக் காப்பாற்றாது. பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனி என்றால் புகார் சொல்ல ஒரு வழி வைத்திருப்பது கம்பெனிகள் சட்டப்படி கட்டாயம், தேவைப்பட்டால் தணிக்கைக் குழுத் தலைவரிடமே நேராகப் போகலாம். அப்புறம், உங்கள் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதிவு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதில் உங்கள் பெயர்தான் நிற்கும்.

நாலு பில்லுக்கா இவ்வளவு என்று தோன்றும். ஏப்ரலில் அதைக் கிரெடிட் நோட் போட்டு ரத்து செய்தால் புது வருஷம் நாலு பில் பள்ளத்தோடு தொடங்கும், அடுத்த மார்ச்சில் எட்டு பில் தேவைப்படும். சத்யம் என்ற மென்பொருள் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு, மோசடியை ஒப்புக்கொண்டு 2009 ஜனவரி 7-ல் எழுதிய கடிதத்திலும் இதே கதைதான்: நிஜ லாபத்துக்கும் கணக்கில் காட்டிய லாபத்துக்கும் நடுவே சின்ன இடைவெளியாகத் தொடங்கியது வருஷக்கணக்கில் வளர்ந்து, ரொக்கமும் வங்கி இருப்புமாக 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் கணக்கில் நின்றது. புலி மேல் ஏறியவன் நிலைமை என்று அவரே எழுதியிருந்தார்.

அதனால் வங்கி இருப்புச் சான்றைக் கம்பெனி ஆள் கையில் வாங்காதீர்கள், அது எவ்வளவு அழகான முத்திரையோடு வந்தாலும் சரி. வங்கியிலிருந்து நேராகத் தணிக்கையாளருக்குப் போகட்டும். ஏப்ரல் முதல் இரண்டு வாரக் கிரெடிட் நோட்டுகளையும் பிரிண்ட் எடுத்து மார்ச் கடைசி வார பில்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள்.